உப்பில்லாக்கா வளர்த்த குழந்தை

எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மூன்று அடுப்புகள் உண்டு. முதலாவது எல்லோருக்கும் பொது. இரண்டாவது சர்க்கரைக்காரர்களுக்கு. மூன்றாவது ஜன்னலோரமாகத் தனியே இருக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இதயம் பழுதானவர்களுக்கும் அதில்தான் சமையல், அதில் வேகிற எதிலும் ஒரு கல் உப்பு விழக் கூடாது. அந்த அடுப்பின் முன்னால் பத்தொன்பது வருஷம் நின்றவள்தான் உப்பில்லாக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவளும் அதை எதிர்பார்த்ததில்லை.

நான் காய் நறுக்குகிறவள். காலையில் பால் வண்டியையும் மதியம் சோற்று வண்டியையும் வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போவதும் நான்தான். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் ஒரே வயது. பொது அடுப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் தெரியாமல் போய்விட்டால் தொலைந்தது. அவளுடைய கரண்டி, வடிதட்டு, கைப்பிடித் துணி எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டியிருப்பாள். "உங்க அடுப்புலதான் உப்பே இல்லையே, பேச்சுல மட்டும் எப்படிக்கா இவ்வளவு காரம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "உப்பைத்தான்டி எடுத்துக்கச் சொன்னாங்க, காரத்தை யாரும் எடுத்துக்கச் சொல்லல" என்றாள். அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட இல்லை.

அவள் அந்த அளவுக்குப் பிடிவாதமானதற்குக் காரணம் உண்டு. சிறுநீரக வார்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். தினமும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பார், பிறகு அக்காவுக்காகச் சாப்பிடுவார். யாரோ ஒரு சொந்தக்காரர் பாவம் பார்த்து உப்புப் போட்ட கடலைப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். நாலே நாளில் வாத்தியார் முகம் தெரியாமல் வீங்கிப்போனார், மூச்சுக்குத் திண்டாடினார். அவர் பிழைக்கவில்லை. அன்றைக்கு அக்கா அவருக்காக வடித்த சோற்றை யாருக்கும் கொடுக்க விடாமல் கொட்டினாள். உப்பு என்றால் வீக்கம், வீக்கம் என்றால் சாவு. டாக்டர்களுக்கு இதில் ஆயிரம் விளக்கம் இருக்கலாம், அவளுக்கு இது ஒரு வரிதான்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது இவளுக்குப் பதினாறு, அவனுக்கு ஆறு. வெங்காயம் உரிக்கிற வேலைக்கு இங்கே வந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "அவன் ஒரு ஆளாகட்டும், பார்க்கலாம்" என்றாள். அவன் ஆளானான், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்றுக்கொண்டான், மீசை வைத்தான். இவளுக்கு அதற்குள் கல்யாணம் மறந்துபோனது. துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பார்த்து அவனுக்குக் கட்டிவைத்தாள். சைக்கிள் கடைக்கு மேலே மூன்று அறை. நடு அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இவள் ஓரத்து அறைக்கு மாறினாள். நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் இப்படி ஒட்டும் உறவுமாக இருக்குமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அந்தப் பெண் இவளை அண்ணி அண்ணி என்று சுற்றி வருவாள், இவள் அவளுக்குத் தலை வாரிவிடுவாள்.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அக்கா அன்றைக்கு அடுப்பைப் பார்த்தாளா, கடிகாரத்தைப் பார்த்தாளா தெரியாது. பதினொரு மணிக்குத் தம்பி சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். குழந்தை பிறந்துவிட்டது என்றான். என்ன குழந்தை என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் கேட்டோம். உலகத்தில் யாரும் யோசித்துப் பதில் சொல்கிற கேள்வியா அது? அவன் யோசித்தான். "நல்லா இருக்கு. ரத்தம் எடுத்திருக்காங்க" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள், அவளைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அஞ்சு நாளைக்கு அம்மாவைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

நான் பார்த்தேன். பால் வண்டி தள்ளுகிறவளுக்குத் திரை ஏது, கதவு ஏது? தொட்டிலில் கட்டியிருந்த அட்டையில் ஆண், பெண் என்று எழுதுகிற இடம் காலியாக இருந்தது. ஆறாம் நாள் காலை நான் திரைக்கு இந்தப் பக்கம் டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் குழந்தை டாக்டரம்மா தாய்க்கும் தகப்பனுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்ததுபோல ஒரு சுரப்பி உண்டாம். இந்தக் குழந்தைக்கு அது சுரக்க வேண்டியதைச் சுரக்காமல், வேண்டாததை அதிகமாகச் சுரந்துவிட்டதாம். அதனால்தான் கர்ப்பத்திலேயே வெளியுறுப்பு பெரிதாகி, பார்த்தால் பையனா பெண்ணா என்று சொல்ல முடியாமல் இருக்கிறதாம். உள்ளே கர்ப்பப்பை இருக்கிறது, சினைப்பை இருக்கிறது, ரத்தச் சோதனையும் பெண் என்றுதான் சொல்கிறது. உலகமெங்கும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன, யாரும் எந்தப் பாவமும் செய்யவில்லை, வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. அதையெல்லாம் டாக்டரம்மா நிதானமாக இரண்டு தடவை சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டார்.

"பொண்ணுதான்மா, சந்தேகமே வேண்டாம். ஆனா இவ உடம்புல உப்பு தங்காது, சிறுநீர்ல போயிடும். மாத்திரையும் உப்பும் ஒரு வேளை தவறக் கூடாது. மத்தவங்களுக்கு உப்பு ருசி, இவளுக்கு அதுதான் உயிர்."

காய்ச்சலோ வாந்தியோ வந்தால் மாத்திரையை மூன்று மடங்காகக் கொடுத்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும், மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசி போட வேண்டும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோரும் அதைப் படித்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே தலையாட்டினாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தேன்.

எனக்கு வாய்க்குப் பூட்டே கிடையாது என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நான் மூச்சுக் காட்டவில்லை. ஊரார் வாயில் விழுந்து ஒரு பச்சைக் குழந்தை அரைபட வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

தம்பி அக்காவிடம் என்ன சொன்னான் தெரியுமா? பெண் குழந்தை, சிறுநீரகத்தில் கொஞ்சம் கோளாறு, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றான். டாக்டர் சொன்ன சுரப்பியை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்ததை எடுத்துக்கொண்டான். முழுப் பொய்கூட இல்லை, அதனால் சுலபமாக வாயில் வந்தது. தாய்க்குத் தாயாக நின்று வளர்த்தவளிடம் ஏன் மறைத்தான் என்று பிறகு நான் அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அக்கா முகம் மாறிவிடுமோ என்று பயந்தானாம். "அவ ஒரு நிமிஷம் குழந்தைய வேற மாதிரி பார்த்துட்டா, என்னால தாங்க முடியாது" என்றான். முட்டாள். அந்த அக்கா முகம் அவனைப் பார்த்து எப்போது மாறியது, குழந்தையைப் பார்த்து மாற?

மறுநாள் அக்கா என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "குழந்தைக்குச் சிறுநீரகத்துல ஏதோ கோளாறாம்டி. கடுகு மாதிரி இருக்கா, அவளுக்குப் போய் இது வரணுமா" என்றாள்.

எனக்கு உண்மை தெரியும். ஆனால் அக்காவுக்கும் தெரியும், தெரிந்துதான் குழந்தையின் மானத்தைக் காப்பாற்ற என்னிடம் பூசி மெழுகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரி, அவள் மறைக்க விரும்புவதைக் கிளறுவானேன்? "பத்திரமா பார்த்துக்கோங்கக்கா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காயை நறுக்கினேன். அவளும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

கடுகு என்ற பெயர் அதற்குப் பிறகு நிலைத்தது. அக்கா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள் என்று சொன்னால் அது குறைவு. காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது கடுகு பேச்சு, வடிக்கும்போது கடுகு பேச்சு. கடுகு சிரித்தாள், கடுகு கொட்டாவி விட்டாள், கடுகு தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்தது. நாலாம் மாதம் முடிந்து தாய் துணிக்கடை வேலைக்குத் திரும்பியபோது, குழந்தையை மதியம் முதல் மாலை வரை யார் பார்ப்பது என்ற கேள்வியே எழவில்லை. அக்கா விடிகாலை வேலைக்கு மாற்றிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவாள். தாய் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குக் கடைக்குக் கிளம்புவாள்.

முதல் நாள் அந்தப் பெண் ஒரு டப்பாவைக் கொடுத்து, இந்த மாத்திரையைப் பொடி செய்து இத்தனை மணிக்கு, இந்தப் பொட்டலத்தில் இருக்கிற பொடியைப் பாலில் இரண்டு தடவை என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பதினைந்து வருஷ நாக்கு. உப்பு.

அன்று மாலை தம்பி வந்ததும் கேட்டாள். இதையெல்லாம் அவளே பிற்பாடு, ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, என்னிடம் சொன்னது. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு உப்பா, எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் சொன்னதுதான், கொடு என்றான் அவன். எழுதிக் கொடுத்திருப்பார்களே, அந்தத் தாளைக் காட்டு என்றாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனாலும் மருந்துத் தாளை மட்டும் படித்துப் பார்க்காமல் விட மாட்டாள், வேலை அப்படி.

தாள் அலமாரியில், அவன் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அதன் முதல் வரியிலேயே எல்லாம் இருந்தது.

"அது எங்கயோ வெச்சுட்டேன்க்கா. நான் சொல்றேன்ல, குடு" என்றான்.

அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து பார்க்கிறாள். பொய் என்று தெரிந்தது, என்ன பொய் என்றுதான் தெரியவில்லை. தாளைத் தொலைத்துவிட்டு, கேட்டதை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு உளறுகிறான் என்று முடிவு கட்டினாள்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. மதியம் குழந்தையைக் கழுவித் துணி மாற்றும்போது அவள் பார்த்தாள். எப்படிப் பார்க்காமல் இருப்பாள்? பெண் குழந்தைக்கு அந்த இடம் அப்படி இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கண் சிறுநீரக வார்டின் கண். அவளுக்கு அது வீக்கமாகத்தான் தெரிந்தது. வீக்கம் என்றால் உப்பு. குழந்தை வீங்குகிறது, இவர்கள் மேலும் மேலும் உப்புக் கொடுக்கிறார்கள்.

பெண் குழந்தையின் அந்தரங்கம், அதை எப்படி வாய்விட்டுக் கேட்பது என்று இவள் கேட்கவில்லை. அண்ணி பார்த்துவிட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை, என்ன பெரிய மனசு என்று நன்றியோடு அந்தப் பெண்ணும் பேசவில்லை. நாகரிகமான குடும்பம்! நாகரிகத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து அக்கா மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் கொடுத்தாள், ஒரு நிமிஷம் பிசகவில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெறும் தாளை மட்டும் மடித்து டப்பாவில் போட்டாள், வீண் சண்டை வேண்டாம் என்று. காலையிலும் இரவிலும் தாய் கொடுக்கிற உப்பை அவளால் தடுக்க முடியவில்லை. தன் கையால் போகிறதையாவது நிறுத்தினோமே என்ற நிம்மதியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறாம் மாதம் குழந்தையின் எடை ஏறவில்லை. சோதனையில் உப்புக் குறைவாக இருக்கிறதே, ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டாராம். ஒரு வேளை தவறியதில்லை என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள். அவள் அளவில் அது உண்மை. அப்படியானால் போதவில்லை என்று உப்பைக் கூட்டி எழுதினார். பொட்டலம் பெரிதானதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் முதல் தடவையாகச் சத்தம் கேட்டது. குழந்தையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்தினாளாம். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், புருஷனைப் பார்த்தாள், அவன் தலையை அசைத்தான், அவள் அறைக்குள் போய் அழுதாள். இன்னொரு அரை நிமிஷம் அவள் அவனைப் பார்க்காமல் இருந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

அது நல்ல வெயில் காலம். சமையலறையில் எங்களுக்கே தலை சுற்றும். கடுகுக்கு அப்போது எட்டாம் மாதம். ஒரு மதியம் பால் குடித்ததை அப்படியே கக்கினாள். அக்கா வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் கழித்து மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள். அதுவும் வந்துவிட்டது. மூன்று மடங்கு கொடுக்க வேண்டும், உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருந்தது, தாள் சட்டைக்கு அடியில் இருந்தது. வாந்தி எடுத்த குழந்தைக்கு எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். தம்பிக்குப் போன் அடித்தாள். அவன் யாரோ வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தான், எடுக்கவில்லை. துணிக்கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கியது. தூங்கினால் தெளிந்துவிடும் என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலரை மணிக்குக் கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அக்கா செருப்புக்கூடப் போடாமல் குழந்தையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். நான் அப்போதுதான் மாலை வண்டியைக் குழந்தைகள் வார்டில் நிறுத்தியிருந்தேன். அவளைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கடை மேலாளரிடம் போன் போட்டுத் தாயை வரச் சொன்னது நான்தான். தம்பியும் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தான்.

உள்ளே ஊசி, ரத்தம், டியூப் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தார். உப்பு இவ்வளவு கீழே எப்படிப் போனது, இன்றைக்கு எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்று தாயைக் கேட்டார். அவள் எல்லா வேளையும் என்றாள். இந்த வாரம்? எல்லா நாளும். டாக்டரம்மா மறுபடி சீட்டைப் பார்த்தார்.

அக்கா சுவரோரமாக நின்றிருந்தாள். சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. டப்பாவில் காலித் தாள்கள் ஒழுங்காக மடித்து இருந்தன. ஆனால் சொன்னால் குழந்தைக்கு ஏதாவது உதவுமோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

"நான் குடுக்கல டாக்டர். மதியத்து உப்பு ஒரு நாளும் குடுக்கல. சிறுநீரகக் கோளாறுன்னாங்க, அங்க வேற வீங்கியிருந்துச்சு. உப்பாலதான்னு நெனச்சேன். நான் இங்க உப்பில்லா அடுப்புலதான் வேலை பார்க்கறேன்."

டாக்டரம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சிறுநீரகம் என்று யார் சொன்னது என்று கேட்டார். தம்பி தன் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு உள்ளே ஓடினார்.

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உப்பு மட்டும் காரணம் இல்லை என்று டாக்டரம்மா பிறகு எங்களுக்குச் சொன்னார். வாந்தியில் மாத்திரை போனதுதான் பெரிய காரணம், முதல் வாந்தியிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், ஆனால் அது தெரியாத ஒருத்தரை எப்படிக் குற்றம் சொல்வது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அக்கா அதில் காப்பாற்றியிருக்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு முடியைப் பிடித்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அந்த வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பெண் மட்டும் யார் அருகிலும் வராமல் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அண்ணியிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு ஆசை இருந்தது, சொல்லவில்லை, அதுதான் அவளைத் தின்றது. இரண்டு மாதத்தில் அவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். அக்காவையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. மூன்று அறையில் ஒருத்தியாக இருந்துகொண்டு, எங்கள் அடுப்பில் இன்னும் நாலு வருஷம் நின்றாள். முன்புபோலவே நன்றாகச் சமைத்தாள், சிவப்பு நூல் கட்டினாள். பொது அடுப்புக் கரண்டியோடு யாராவது பக்கத்தில் போனால் மட்டும் திட்டமாட்டாள், தானே விலகி நிற்பாள். அதைப் பார்க்க எனக்குத்தான் சகிக்கவில்லை.

என் பங்கைச் சொல்லாமல் இதை முடித்தால் நான் மனுஷியே இல்லை.

குழந்தை போன மூன்றாம் வாரம், காலைச் சமையல் முடிந்த நேரம், அந்தப் பெண் சமையலறையின் பின்வாசலுக்கு வந்தாள். காய்த்தோல் கூடைகளுக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் நாலாக மடித்த ஒரு தாளை அக்கா கையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கண்ணாடி எடுத்துவரவில்லை, படி என்றாள். படித்தேன். இந்தக் குழந்தை பெண் குழந்தை. பிறப்பிலேயே சுரப்பியில் உள்ள குறையால் இவளுடைய வெளியுறுப்பு வேறுபட்டுத் தெரியலாம், அது வீக்கமோ தொற்றோ அல்ல, வலியும் இல்லை. இவளுக்கு உப்பு அவசியம், எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. அப்புறம் மாத்திரை, மூன்று மடங்கு, ஊசி, போன் நம்பர். ஒரு பக்கம்கூட முழுசாக இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன், பின்பக்கம் ஒன்றும் இல்லை என்று.

"இதுக்கா என்கிட்ட மறைச்சாங்க? இதக் கேட்டா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சாங்க? அவ எப்படிப் பிறந்திருந்தா எனக்கென்ன?"

அவள் அதுவரை அழுது நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமே வராமல் அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, எதற்கு அந்த நேரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை, எனக்கு ஆறாம் நாளே தெரியும் என்று சொல்லிவிட்டேன். திரைக்குப் பின்னால் நின்று கேட்டதை, உப்புதான் உயிர் என்று டாக்டரம்மா சொன்னதை, உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கோபம் எனக்குப் பழக்கம், பத்து வருஷம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"தினம் காலையில உன் பக்கத்துலதானேடி நின்னேன்" என்றாள். "கடுகுக்கு உப்பு குடுத்தீங்களாக்கான்னு ஒரே ஒரு நாள் நீ கேட்டிருந்தா, இல்லடின்னு சொல்லியிருப்பேனே."

உள்ளேயிருந்து யாரோ சாதம் கொதிக்கிறது என்று குரல் கொடுத்தார்கள். அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் அடுப்புக்குப் போனாள்.